நாம், நாங்கள், நீங்கள்

விளையாட்டு வருணனையை ஓர் இலக்கிய வகையாக எண்ணலாமா என்று கேட்டால், புலவர் பெருமக்களுள் பலர் முறுவலிப்பர். பந்து போன வழியைச் சொல்வதற்கு இலக்கணம் எதற்கு, அணி எதற்கு என்பர். ஆயினும் ஒன்றை மறுத்தல் இயலாது. காணாத ஒன்றைக் கண்டது போலக் கேட்பவர் உள்ளத்தில் நிறுத்துவது சொல்லின் தொழில். அத்தொழிலை வானொலி வழியே பல்லாண்டு செய்து வந்தவர்கள் வருணனையாளர்கள். நம் பேராக் மாநிலத் தோட்டங்களில், ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி லயத்து ஆட்கள் பத்துப் பேர் குந்தியிருந்து பந்தாட்டம் கேட்ட காலம் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கை நேரில் பார்த்தவர்கள் அல்லர். ஆனால் மறுநாள் பால் மரத்தடியில் பேசும்போது பார்த்தவர்களைப் போலவே பேசினார்கள். அந்தக் கண் வருணனையாளன் கொடுத்த கண்.

ஆகவே, ஒரு வருணனையாளருக்குப் புகழ் மன்றத்தில் இடமுண்டா என்னும் வினா விளையாட்டுத் துறையினர்க்கு மட்டும் உரியதன்று. சொல்லை எடைபோடுபவர்க்கும் உரியது. அவ்வகையில் கனடா நாட்டு டான் செர்ரியின் வழக்கை இங்கு ஆராய எண்ணுகின்றேன். பனி பெய்யும் நாட்டு வழக்கு ஈப்போவில் இருப்பவர்க்கு எதற்கு என்று கேட்பவர் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். அவ்வழக்கின் முடிச்சு ஒரு மூவிடப் பெயரில் இருக்கிறது. அம்முடிச்சை அவிழ்க்க ஆங்கிலத்தைவிடத் தமிழ் நன்கு உதவும்.

ஈப்போவில் ஹாக்கி என்றால் அஸ்லான் ஷா கிண்ணம். திடல், வளைகோல், பந்து. கனடாவில் ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தரை, காலில் சறுக்குக் காலணி, பந்துக்கு மாற்றாக ஒரு கறுப்பு வில்லை. ஓர் அங்குலத் தடிப்பும் மூன்றங்குலக் குறுக்களவும் கொண்ட அவ்வில்லை கெட்டி ரப்பரால் ஆனது. (ரப்பர் என்றவுடன் நமக்கு ஓர் உறவு தோன்றிவிடுகிறது, என் செய்வது!) அந்நாட்டில் சனிக்கிழமை இரவென்றால் ஹாக்கி இரவு. முதல் பகுதி ஆட்டம் முடிந்ததும் சில நிமிடங்கள் 'பயிற்சியாளர் மூலை' என்ற ஒரு பேச்சு நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. 1980களின் தொடக்கம் முதல் 2019 வரை அம்மூலையில் அமர்ந்து பேசியவர் செர்ரி. அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து பேச்சுக்கு அணை போட்டுக்கொண்டிருந்தவர் ரான் மெக்லீன்.

செர்ரி 1934இல் ஒண்டேரியோ மாநிலத்துக் கிங்ஸ்டனில் பிறந்தவர். தலைசிறந்த ஆட்டக்காரர் அல்லர். வட அமெரிக்காவின் முதல்தர அமைப்பில் அவர் ஆடியது 1955இல் ஒரே ஓர் ஆட்டம். பிறகு சிற்றூர் அணிகளில் உழன்றார். கட்டட வேலையும் பார்த்தார். 1974 முதல் 1979 வரை பாஸ்டன் அணியின் பயிற்சியாளராக விளங்கி, 1976இல் சிறந்த பயிற்சியாளர் பரிசும் பெற்றார். தொலைக்காட்சிக்கு வந்த பின்னரே நாடறிந்த மனிதரானார். திரைச்சீலைத் துணியில் தைத்தாற் போன்ற பூப்போட்ட கோட்டு, கழுத்தை நெரிக்கும் உயர்ந்த பட்டை, மேசையைக் குத்தும் விரல். அவருடைய ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை மலிந்திருந்தது. அயல்நாட்டு ஆட்டக்காரர்களின் பெயரை அவர் ஒழுங்காகச் சொன்னது அருமை. படித்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் பெட்டியின் ஒலியைக் கூட்டினார்கள்.

2004ஆம் ஆண்டில் கனடா வானொலி தொலைக்காட்சிக் கழகம், நாட்டின் தலைசிறந்த மாந்தர் யாவர் என்று மக்களைக் கேட்டது. செர்ரிக்கு ஏழாம் இடம் கிடைத்தது. அந்நாட்டின் முதல் தலைமை அமைச்சர் மக்டொனால்டு எட்டாமவர். தொலைபேசி கண்ட பெல் ஒன்பதாமவர். இஃது ஒரு கேளிக்கைத் தேர்வே என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒரு பேச்சாளன் மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அவருடைய கலையின் சிறப்பு யாது? திறனாய்வாளன் முதலில் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவன். வெறுப்பை முன்வைத்துத் தொடங்குவது முறையாகாது. செர்ரி கேட்பவரோடு பேசினார். கேட்பவர்க்கு முன்னின்று பேசவில்லை. ஊர்ப் பந்தயக் கூடத்தில் விடியற்காலைக் குளிரில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தகப்பன், பெயர் வெளிவராத கடைநிலை ஆட்டக்காரன், பல் உடைந்த தற்காப்பாளன், இவர்களை அவர் மறந்ததில்லை. ஆப்கானிஸ்தானில் கனடிய வீரர்கள் 150 பேருக்கு மேல் மாண்ட ஆண்டுகளில், மாண்டவர் படத்தைத் திரையில் காட்டிப் பெயரைச் சொன்னார். சொல்லும்போது தொண்டை அடைக்கும். அது நடிப்பன்று. மேட்டுக்குடி ஆங்கிலத்திற்கு எட்டாத இடத்தில் அவருடைய பிழை மலிந்த ஆங்கிலம் போய்ச் சேர்ந்தது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையே நாள்தோறும் அல்லாடுகின்ற நம் ஆசிரியர்கள் இதன் பொருளை உணர்வர்.

இனி, 2019 நவம்பர் 9ஆம் நாள் சனிக்கிழமை இரவு.

நவம்பர் 11 போர் நினைவு நாள். அதற்கு முன்னுள்ள நாட்களில் கனடியர் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூச் சின்னம் அணிவர்; முன்னாள் வீரர் சங்கத்துக்குக் காசு கொடுத்துப் பெறுவது அது. டொராண்டோவிலும் மிசிசாகாவிலும் யாரும் அதை அணிவதில்லை என்று செர்ரி குறைபட்டுக்கொண்டார். அவ்வளவில் நின்றிருந்தால் ஒரு கிழவரின் முணுமுணுப்பாகப் போயிருக்கும். அவர் மேலே சென்றார். இங்கு வந்திருக்கும் மக்களாகிய நீங்கள் எங்கள் வாழ்க்கை முறையை விரும்புகிறீர்கள், எங்கள் பாலையும் தேனையும் விரும்புகிறீர்கள், பூவுக்கு ஓரிரண்டு வெள்ளி கொடுக்கலாகாதா என்னும் கருத்துப்படப் பேசினார். பக்கத்திலிருந்த மெக்லீன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்; மறுநாளே அதற்காக மன்னிப்புக் கேட்டார். ஒளிபரப்பு முறையீட்டு மன்றத்தில் முறையீடுகள் குவிந்து, இனி ஏற்பதற்கில்லை என்று அறிவிக்கும் நிலை வந்தது. நினைவு நாளாகிய 11ஆம் தேதியே செர்ரி நீக்கப்பட்டார்.

அவர் பேச்சை மேலே தமிழில் தந்தபோது நான் ஒரு தேர்வு செய்ய நேர்ந்தது. ஆங்கிலத்தில் அவர் கையாண்ட தன்மைப் பன்மை உடைமைச் சொல்லை 'நம்' என்று பெயர்ப்பதா, 'எங்கள்' என்று பெயர்ப்பதா? ஆங்கிலத்தில் இரண்டிற்கும் சொல் ஒன்றே. ஆகவே அம்மொழியில் பேசுபவன் கேட்பவனை உள்ளே வைத்தானா, வெளியே நிறுத்தினானா என்பதைச் சொல்லாமல் தப்பிக்க முடியும். தமிழில் தப்ப இடமில்லை. முன்னிலையாரை உளப்படுத்துவது 'நாம்'. அவரை விலக்கி நிற்பது 'நாங்கள்'. அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரையும் எம், ஏம் ஈறுகள் படர்க்கையாரையும் உளப்படுத்தும் என்று நம் இலக்கணம் வினையீற்றிலும் இவ்வேறுபாட்டைப் பேணிற்று. இன்று வினையில் ஓம் ஒன்றே நின்று அவ்வேறுபாடு தேய்ந்துவிட்டது. பெயரில் உயிரோடு இருக்கிறது. மாணவர் கட்டுரையில் 'நாம்', 'நாங்கள்' மயங்கி வருவதைச் சிவப்பு மையால் திருத்தாத தமிழாசிரியர் நம் நாட்டில் இருக்க மாட்டார். மலாய் மொழியிலும் அதே வேறுபாடு உண்டு: 'கீத்தா', 'காமி'. (இந்தக் கீத்தா வேறு, நாம் ரப்பர் மரத்துக்குச் சொல்லும் கித்தா வேறு, அது 'கெத்தா'வின் திரிபு.) ஆக, இரு மொழியாலும் இவ்வேறுபாட்டைக் கேட்டு வளர்ந்தவன் மலேசியத் தமிழன். செர்ரியின் பேச்சில் 'நீங்கள்' என்ற சொல் வந்த நொடியிலேயே, அதன் பக்கத்தில் வந்த தன்மைப் பன்மை 'எங்கள்' தான், 'நம்' அன்று என்பது அவன் காதுக்கு விளங்கிவிடும்.

இதை நான் வலிந்து பொருள் கொண்டேன் என்று கருத வேண்டா. எல்லோரும் என்று சொல்லியிருக்க வேண்டும், 'மக்களாகிய நீங்கள்' என்று சொன்னதே தவறாய்ப் போயிற்று என்று செர்ரியே பின்னர்க் கூறினார். ஆனால் சொன்ன கருத்துக்காக வருந்த மறுத்தார். குற்றம் ஒரு சொல்லில் இருந்தது என்பது அவர் வாய்மொழியாகவே கிடைக்கும்போது, அச்சொல்லை ஆராய்வது நம் கடமையாகிறது.

வருணனையாளன் கலையெல்லாம் 'நாம்' என்ற சொல்லை ஆள்வதில் அடங்கியிருக்கிறது என்பேன். ஆட்டக்காரன் பதினொருவருள் ஒருவன். கேட்பவன் எங்கோ தொலைவில் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறான். இவ்விருவரையும் ஒரே தன்மைப் பன்மையில் சேர்த்துக் கட்டுவது குரல். நாம் வென்றோம், நாம் தோற்றோம் என்று கேட்பவனைச் சொல்ல வைப்பது அது. தாப்பாவில் பிறந்த மு. இராஜாமணி 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியபோதும், 1966இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை என்ற விருதை முதன்முதலாகப் பெற்றபோதும், அவர் எல்லோர்க்கும் 'நம்' இராஜாமணி. அந்த 'நம்'முக்குள் யாரும் யாருடைய பிறப்புச் சான்றையும் கேட்கவில்லை. செர்ரி முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் இந்தச் சொல்லால் வாழ்ந்தவர். அன்றிரவு அதைக் கைவிட்டார்.

ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு வாழ்நாளை அளக்கலாமா என்று வினவுவோர் உளர். நேர்மையான வினா. அஃது ஒரே வாக்கியமாக இருந்திருந்தால் நானும் அவர்கள் பக்கம் நின்றிருப்பேன். 1989இல் வின்னிபெக் அணியின் துணைப் பயிற்சியாளரான பின்லாந்துக்காரர் ஒருவரின் பெயர் நாய்த் தீனியின் பெயர் போல இருக்கிறது என்று கேலி செய்தார். 2004இல் முகக்காப்பு அணிபவர் பெரும்பாலும் ஐரோப்பியரும் பிரெஞ்சுக்காரருமே என்றார். கோழைகள் என்பது உட்கிடை. அதன்பின் அவர் பேச்சை ஏழு நொடி தாழ்த்தி ஒளிபரப்ப நேர்ந்தது. ஆக, 'நாங்கள்' என்னும் சுவரை அவர் பல ஆண்டுகளாக எழுப்பி வந்தார். 2019இல் கூரை போட்டார்.

இன்னொன்று. 2011 அக்டோபரில், ஆட்டக்களத்தில் அடிதடிக்குப் பெயர்போன முன்னாள் ஆட்டக்காரர் மூவரைக் கடுஞ்சொல்லால் ஏசினார். அடுத்த வாரமே அதே மூலையில் அமர்ந்து, நூற்றுக்கு நூறு தம் தவறு என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் அல்லர் அவர். தம்மவரை ஏசியபோது நாக்கு வளைந்தது. வந்தவர்களை ஏசியபோது வளையவில்லை. இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என் முடிவு உறுதிப்பட்டது.

சர்ச்சைக்குரியவர் என்பதே ஒருவரைத் தள்ளுவதற்குப் போதுமா? போதாது. அமெரிக்கக் குத்துச்சண்டை வருணனையாளர் ஹோவர்ட் கோசல் செர்ரியைவிடக் கடுமையாக வெறுக்கப்பட்டவர். 1964இல் காசியஸ் கிளே என்பவர் முகம்மது அலி என்று பெயர் மாற்றிக்கொண்டபோது, பலர் பழைய பெயரையே பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருக்க, கோசல் அலி என்றே அழைத்தார். 1967இல் போருக்குச் செல்ல மறுத்த அலியின் பட்டத்தைப் பறித்தபோது, அது முறையன்று என்று வாதாடினார். அவருக்கு வந்த சர்ச்சை 'நாம்' என்பதன் வேலியைத் தள்ளி வைத்ததால் வந்தது. (அந்த அலிதான் 1975 ஜூலையில் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னருடன் பதினைந்து சுற்று மோதியவர்.) கோசலும் 1983இல் ஒரு கறுப்பின ஆட்டக்காரரைக் குரங்கோடு ஒப்பிட்டுச் சொல்லி இடர்ப்பட்டார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கிரிக்கெட்டு அன்பர்களுக்கு டோனி கிரேக் நினைவுக்கு வருவார். தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்து அணிக்குத் தலைவராயிருந்த அவர், 1976இல் மேற்கிந்தியரைத் தவழ வைப்போம் என்னும் கருத்தில் ஒரு சொல் சொன்னார். வெள்ளையர் வாயிலிருந்து, அதிலும் தென்னாப்பிரிக்கர் வாயிலிருந்து, அடிமைகளின் வழிவந்தோரை நோக்கி வந்த சொல் அது. மேற்கிந்தியர் மூன்றுக்குச் சுழி என்ற கணக்கில் வென்றனர். தொடரின் கடைசி ஆட்டம் நடந்த ஓவல் திடலில், மேற்கிந்திய ஆதரவாளர் கூட்டத்தின் முன் கிரேக் தாமே கையும் காலும் தரையில் ஊன்றித் தவழ்ந்து காட்டினார். பாதி விளையாட்டுத்தான், எனினும் கூட்டம் சிரித்தது. பின்னாளில் வருணனையாளராகி, இலங்கை அணியை ஓயாது பாராட்டி, அத்தீவினரின் அன்புக்கு உரியவரானார். கிரேக் தம் சொல்லைத் தாமே சுமந்தார்.

ஆட்டக்காரனின் குணக்கேட்டையும் ஆட்டத்தையும் பிரித்துப் பார்க்கலாம் என்பது ஒரு வாதம். வீட்டில் கொடியவனாய் இருந்தாலும் களத்தில் போட்ட கோல் கோல்தானே? ஆம். ஆனால் வருணனையாளனிடம் அவ்வாதம் செல்லாது. அவனுக்குக் களமும் சொல், கோலும் சொல். அவன் ஒலிபெருக்கியின் முன் பேசியது வாழ்க்கைக் குறையாகாது. தொழிலில் நேர்ந்த குறையாகும். செர்ரி தம் வீட்டு முற்றத்தில் எதையோ உளறியிருந்தால் புகழ் மன்றத்துக்கு அதில் வேலையில்லை. அவர் பேசியது பணியிருக்கையில் அமர்ந்து.

பாப்பிப் பூவைப் பற்றியும் ஒரு சொல். அப்பூவைப் போரின் சின்னமாக்கியது ஜான் மெக்ரே என்ற கனடிய மருத்துவர் 1915இல் எழுதிய பாடல். பக்கம் சிங் என்ற சீக்கியர் முதல் உலகப் போரில் கனடியப் படையில் சேர்ந்து, 1916இல் காயமுற்று, அந்த மெக்ரே பணியாற்றிய மருத்துவமனையிலேயே சிகிச்சை பெற்றார். 1919இல் ஒண்டேரியோவின் கிச்சனரில் காலமானார், அங்கேயே அடக்கமானார். பூவின் வரலாற்றுக்குள்ளேயே 'வந்தவர்' இருந்திருக்கிறார்.

நம் ஈப்போ நிலையத்தின் முன்னும் ஒரு போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. தெற்கே இருபது மைல் சென்றால் கம்பார்; 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை சப்பானியரை அங்கு மறித்து நின்ற படையில் பஞ்சாபியரும் சீக்கியரும் இருந்தனர். அதற்குப் பிறகு சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை. அவர்களுக்காக எவரும் சட்டையில் பூக் குத்திக்கொள்வதில்லை. ஆனாலும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளை நோக்கி, சினம் மூளும்போதெல்லாம், 'பெண்டாத்தாங்' என்ற சொல் பறந்து வரும். வந்தேறி என்பது பொருள். ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாய் வந்தால் 'கீத்தா'. மறுநாள் உரிமை கேட்டால் அந்தச் சொல். செர்ரியின் 'நீங்கள்' எனக்கு அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாததன் காரணம் இதுவே.

டொராண்டோப் பகுதியில் வாழும் ஈழத்தமிழரும் அந்த 'நீங்கள்' என்பதற்குள் அடக்கம். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தமிழரை மீன்பிடிப்பவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். வந்தவர்களின் பிள்ளைகள் பனித்தரையில் சறுக்கக் கற்றுக்கொண்டார்கள். பஞ்சாபியர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2008 முதல் ஹாக்கி வருணனை பஞ்சாபியில் ஒலித்தது. ஆல்பர்ட்டா மாநிலத்தில் பிறந்த ஹர்நாராயண் சிங் 2016 இறுதிப் போட்டியில் போனினோ என்ற ஆட்டக்காரரின் பெயரைப் பாட்டுப்போல் அடுக்கிக் கூவியது கண்டம் முழுதும் பரவியது. வென்ற பிட்ஸ்பர்க் அணி தன் வெற்றி விழாவுக்கே பஞ்சாபி வருணனையாளர்களை அழைத்தது. யாருடைய பாலும் தேனும் என்ற வினா அவ்வூர்வலத்தில் எழவில்லை.

ஆகவே வழக்கின் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவிலுள்ள ஹாக்கிப் புகழ் மன்றம் வருணனையாளர்க்கென 1984 முதல் வழங்கும் விருது, பாஸ்டர் ஹெவிட் என்பவர் பெயரால் அமைந்தது. செர்ரி நீக்கப்பட்டபோது அவருக்கு அது வழங்கப்பட்டிருக்கவில்லை. வழங்கியிருக்க வேண்டும் என்று வாதாடுவோர் அன்றும் இருந்தனர். அவர் புகழ் பெரிது, அவர் திறம் மெய், அவர் இரக்கமும் பல இடங்களில் மெய். எனினும் அவ்விருது அவருக்கு உரியதன்று. ஹெவிட் தம் வானொலி வருணனையைத் தொடங்கும்போது கனடாவுக்கு வணக்கம் சொல்வதோடு நிறுத்தமாட்டார். ஐக்கிய அமெரிக்காவிலும் நியூபவுண்ட்லாந்திலும் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களையும் சேர்த்து அழைப்பார். 1949 வரை நியூபவுண்ட்லாந்து கனடாவைச் சேர்ந்ததன்று. எல்லைக்கு அப்பால் இருந்தவர்களையும் முதல் வாக்கியத்திலேயே உளப்படுத்திய ஒருவர் பெயரில் உள்ள பரிசு அது.

மன்றத்தின் காட்சிக் கூடத்தில் செர்ரியின் பூப்போட்ட கோட்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டி வைப்பதானால், அதற்கு நான் தடை சொல்லேன். கோட்டுகள் உண்மையிலேயே பார்க்கத்தக்கவை.